மூன்றாவது சென்சார்

அங்கலக்குறிச்சியில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

குருவின் பெயர் யசோதா. காரின் கம்ப்யூட்டர் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதில் பொள்ளாச்சி வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சீடர் சென்னியப்பன் முப்பது வருஷம் சொந்தப் பட்டறை நடத்தியவர். இன்ஜின் ஓடும் சத்தத்தை வைத்தே நோவு எங்கே என்று சொல்லிவிடுவார். சத்தமே போடாத கார்கள் வரத் தொடங்கியதும் பட்டறையைப் பூட்டிவிட்டு, வெற்றிலை பாக்கு தேங்காய் பழத்தோடு யசோதாவின் முன்னால் வந்து நின்றார்.

"எனக்கும் சொல்லிக்குடுங்க அம்மிணி" என்றார்.

வயசுக்காக அவள் அவரை அண்ணா என்றாள். படிப்புக்காக அவர் அவளை வாத்தியாரம்மா என்றார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

குருவின் ஆசனம் ஓர் இரும்பு முக்காலி. அது பொறுக்காமல் சீடர் தன் பழைய பட்டறையிலிருந்து மெத்தை வைத்த சுழல் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து குருதட்சிணையாகக் கொடுத்தார். யசோதா சந்தோஷமாக வாங்கிக்கொண்டு, வண்டி கொண்டு வருகிறவர்கள் உட்கார அதைப் போட்டுவிட்டாள். சீடருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்தான், ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அந்த நாற்காலியில் எலிசம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் சூசைமாணிக்கம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வால்பாறைக்காரர்கள். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் எலிசம்மாவுக்குப் பொள்ளாச்சியில் டயாலிசிஸ். அன்றைக்கானதை முடித்துவிட்டு வீடு திரும்பும் வழியில் வந்திருந்தார்கள். பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தவள் ஒருநாள் வழியிலேயே மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் சூசை பழைய கார் ஒன்றை வாங்கினார். போக நாற்பது கொண்டை ஊசி வளைவு, வர நாற்பது.

அந்தக் காரில்தான் மஞ்சள் விளக்கு எரிந்தது. வழுக்கிக்கொண்டு போகும் கார் ஒன்றின் படம் போட்ட விளக்கு.

வண்டி வழுக்கினால் கம்ப்யூட்டர் தானாகவே ஏதாவது ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும். அந்த ஏற்பாட்டில் கோளாறு என்பதுதான் விளக்கின் சேதி. வெறும் விளக்கு எரிந்திருந்தால் சூசை கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருப்பார். ஆனால் செவ்வாய்க்கிழமை ஏழாவது வளைவில் வண்டி வழுக்கவே இல்லை. வழுக்குகிறது என்று கம்ப்யூட்டர் அதுவாக நினைத்துக்கொண்டு, பள்ளத்துப் பக்கச் சக்கரத்தை வெடுக்கென்று பிடித்தது.

"ஒரு முழந்தான் பாக்கி. கைப்பிடிச் சுவரு கண்ணு முன்னாடி வந்துட்டுப் போச்சு" என்றார் சூசை.

எலிசம்மா நிதானமாகச் சொன்னாள். "இன்னிக்கு எப்படியாச்சும் மேல போயிடுறேன். அதுக்கப்புறம் நான் எறங்க மாட்டேன். பஸ்ஸுல சாகவும் வேணாம், கார்ல சாகவும் வேணாம். வீட்டுலயே கெடக்குறேன்."

டயாலிசிஸுக்குப் போகாமல் வீட்டிலேயே கிடந்தால் எத்தனை நாள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

சென்னியப்பனுக்கு முகம் கறுத்துவிட்டது. அந்த வண்டி அவருடைய பொறுப்பு. குரு தனியாக அவரிடம் ஒப்படைத்த முதல் வண்டி.

"வாத்தியாரம்மா, ஸ்கேனர் போட்டு எரர் எடுத்தேன். திரும்பறதையும் சாயறதையும் சொல்ற சென்சார், சிக்னலை நம்ப முடியலைன்னு காட்டுச்சு. அவனைக் கழட்டிக் கடாசிட்டுப் புதுசு போட்டேன். கீழ ரோட்டுல ஓட்டுனா விளக்கு எரியலை. மலை ஏறுனா எரியுது. மறுபடி எரர் எடுத்தேன். மறுபடி அதே பேரு. ரெண்டாவதையும் கழட்டிப் போட்டேன். இப்ப உள்ள இருக்கறது மூணாவது. அவனும் அதையேதான் சொல்றான். ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்ணா."

"எரர் பொய் சொல்லுமா?"

யசோதா வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள்.

"இந்த வண்டிக்கு என்னென்ன பண்ணுனீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

சீடர் விரல் விட்டு எண்ணினார். "போன மாசம் முன்னாடி பிரேக் பேடு மாத்துனேன். பிரேக் ஆயில் மாத்துனேன். அப்புறம் இந்த விளக்கு. ஒரு சென்சார். ஒயரு பூராம் ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்தேன், சுத்தமா இருக்குது. அப்புறம் இன்னொரு சென்சார்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க."

அவள் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். இரண்டு காலையும் தரையில் வைத்தாள். குதிகாலால் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு இறங்கி வந்தாள்.

"சென்னிண்ணா, ஸ்கூட்டர் ட்யூப் ஒண்ணுக்குக் காத்தடிச்சு எடுத்துட்டு வாங்க. உங்க துண்டையும் எடுத்துக்குங்க."

"எதுக்குங்க?"

"மலைக்குப் போறோம்."

முன்பக்க இடது சீட்டில் ட்யூபைப் போட்டு அதன் மேல் சென்னியப்பனை உட்காரச் சொன்னாள். அவர் சூசையைப் பார்த்தார். சூசை வேறெங்கோ பார்த்தார். ஐம்பத்து மூன்று வயதில் முப்பது வருஷத் தொழில்காரர் ஒருவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ட்யூப் மேல் ஏறி உட்கார்ந்தார். யசோதா அவர் துண்டாலேயே அவர் கண்ணைக் கட்டினாள். எலிசம்மாவை நாற்காலியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சூசையைப் பின்சீட்டில் ஏற்றி ஸ்கேனரை அவர் கையில் கொடுத்தாள்.

"திரையில ஒரு பச்சைப் புள்ளி தெரியுதுங்களா? வண்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு சென்சார் சொல்லுதோ, புள்ளி அந்தப் பக்கம் போகும். நீங்க பாத்ததை உரக்கச் சொல்லோணும். சென்னிண்ணா, நீங்களும் வண்டி எந்தப் பக்கம் திரும்புதுன்னு சொல்லோணும்."

"இதென்னங்க பிரமாதம்? இந்த ரோட்டை நான் தூக்கத்துலயே ஓட்டுவேன்."

"ஞாபகத்துல இருக்கற ரோட்டைச் சொல்லப்படாது. ஒடம்புக்குத் தெரியறதை மட்டும் சொல்லுங்க."

ஆழியாறு அணை வந்தது, பின்னால் போனது. மலைக்கு மேல் மேகம் இறங்கியிருந்தது. முதல் வளைவு.

"வலது!" என்றார் சென்னியப்பன்.

"புள்ளி வலது!" என்றார் சூசை.

"வலது... இல்ல, இடது! இப்ப இடது திரும்பிட்டீங்க!"

யசோதா ஸ்டீயரிங்கை அசைக்கவே இல்லை. அதே வலது வளைவில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

"அட, புள்ளியும் இடது!" என்று சூசை கத்தினார். "இங்கயும் இடதுன்னுதாங்க காட்டுது!"

"மறுபடி வலது! அய்யோ, புடிங்க!"

"மறுபடி வலது! அவரு சொல்றதும் இதுவும் ஒண்ணாப் போகுது!"

இரண்டாவது வளைவு. அவள் இடது ஒடித்தாள். ட்யூப் நழுவியது, உருண்டது, திரும்ப வந்தது. சென்னியப்பன் ஒரு கையால் மேல் பிடியையும் இன்னொரு கையால் தன் மானத்தையும் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"இடது! வலது! இடது! நேரா! ஆத்தா, வலது!"

"புள்ளி இடது! வலது! இடது! அட ஆண்டவரே, அச்சு அசலா அதேதான்!" சூசை தன் கவலையை மறந்து பின்சீட்டில் குதித்தார். "இவரைத் தூக்கி உள்ள வெச்சாலும் இதையேதான் சொல்லுவாருபோல!"

மூன்றாவது வளைவு முடியும் இடத்தில் டங் என்று ஒரு சத்தம். மஞ்சள் விளக்கு எரிந்தது. வழுக்கும் படத்தோடு.

யசோதா ஓரம் கட்டினாள்.

சென்னியப்பன் கண்கட்டைப் பிடுங்கி எறிந்தார். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது.

"என்னங்க வாத்தியாரம்மா வெளையாட்டு இது? ஒரு மனுசனை ட்யூப் மேல உக்கார வெச்சுட்டு வண்டி எங்க போகுதுன்னு கேட்டா என்னத்தைச் சொல்லுவான்? நான் ஆடுனதைத்தான் சொல்லுவேன்! வண்டி எங்க போச்சுன்னு எனக்கு..."

அவர் வாய் அப்படியே நின்றது.

தன் காலைப் பார்த்தார். குனிந்து, ஷூவைக் கழற்றி, வெறுங்காலால் தரையை மிதித்தார். கால் மெத்தென்று உள்ளே போனது.

"மேட்டு" என்றார்.

"என்ன மேட்டுங்க?" என்றார் சூசை.

"நான் போட்டுக்குடுத்த மேட்டுங்க! தரையில விரிச்ச மேட்டு! அட, வண்டியத் திருப்புங்க அம்மிணி, திருப்புங்க! வெண்ணெயக் கையில வெச்சுட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கறன் நான்!"

பதற்றத்தில் வாத்தியாரம்மா என்பதையே மறந்துவிட்டார். பட்டறைக்கு வந்து சேரும்வரை அவர் வாய் ஓயவில்லை. போன மாதம் பிரேக் வேலைக்கு வந்தபோது எலிசம்மா சொல்லியிருக்கிறாள், டயாலிசிஸ் முடிந்து மலை ஏறும்போது காலெல்லாம் விண் விண்ணென்று தெறிக்கிறது, வாந்தி வேறு வந்து தொலைக்கிறது என்று. சென்னியப்பன் அன்றைக்கே, யாரும் கேட்காமல், வண்டியின் தரை முழுக்கக் கழுவிக்கொள்ள வசதியாக ரெக்சின் மேட்டு விரித்தார். அதற்கு அடியில் ஸ்பாஞ்சு. ஒரு அடுக்கு போதாது என்று இரண்டு அடுக்கு.

மேட்டு விரிக்க வேண்டுமென்றால் நடுவிலிருக்கும் பெட்டியைக் கழற்ற வேண்டும். பெட்டிக்கு அடியில், இரண்டு முன்சீட்டுக்கும் நடுவே, தரைத் தகட்டின் மேல் தீப்பெட்டி அளவில் அந்தச் சென்சார் உட்கார்ந்திருந்தது. அவர் அதைக் கழற்றினார், ஸ்பாஞ்சை விரித்தார், ஸ்பாஞ்சின் மேலேயே சென்சாரைத் திரும்ப வைத்தார்.

"நல்ல சாமான், நோவப்படாதுன்னு நெனச்சேனுங்க. போல்ட்டைக்கூட முழுசா இறுக்கலை, ஸ்பாஞ்சு அமுங்கிப் போயிருமேன்னு. முப்பது வருசமா எது அதிர்ந்தாலும் அடியில ரப்பரு வெச்ச கையுங்க இது!"

"அப்புறம் வந்த ரெண்டு சென்சாரும்?" என்று சூசை கேட்டார்.

"அதே மெத்தை மேலதான் உக்கார வெச்சேன்."

"எய்தவன் இருக்க அம்பை நொந்த கதையாப் போச்சே!" என்றார் சூசை. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். எய்தவர் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

பட்டறையில் வண்டி நிற்பதற்குள் சென்னியப்பன் குதித்தார். நடுப்பெட்டி பறந்தது. அவர் சொன்னபடியே மூன்றாவது சென்சார் ஸ்பாஞ்சின் மேல் கொஞ்சம் சாய்ந்து, சொகுசாக உட்கார்ந்திருந்தது. விரலால் தட்டினார். ஆடியது. ஆடி நிற்க நேரமானது.

அவர் கத்தியை எடுத்தார். மேட்டின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். முன்பக்கம் பாதி கிழிந்து வந்தது.

"என்ன தம்பி பண்றீங்க?" எலிசம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "அதை ஏன் கிழிக்கிறீங்க?"

"இதுதாங்கம்மா உங்களைப் பள்ளத்துல தள்ளப் பாத்துது. நான் பண்ணுன பாவம். இத்தனை நாளா என் கை வேலைய நம்பி உக்காந்து வந்தீங்க." அவர் அடுத்த ஓரத்தைப் பிடித்தார். "பூராத்தையும் எடுத்துக் கடாசிடறேன்."

"வேணாம். அது போட்டதுல இருந்துதான் எங்காலு வலி எனக்கு வீடு வரைக்கும் தெரியாம வருது."

சென்னியப்பன் கத்தியைப் பிடித்தபடி நின்றார். எடுத்தாலும் அவளுக்குக் கெடுதி, விட்டாலும் கெடுதி. திரும்பி குருவைப் பார்த்தார்.

யசோதா சாக்பீஸ் எடுத்து வந்தாள். கிழிந்த மேட்டைப் பழையபடி விரித்து நீவினாள். சென்சார் இருக்கும் இடத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம் போட்டாள். அவ்வளவுதான். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தன் முக்காலிக்குப் போய்விட்டாள்.

அவர் அந்தச் சதுரத்தை மட்டும் வெட்டினார். அடியில் தகடு தெரிந்தது. துணியால் துடைத்தார், விரலால் தடவி ஒரு தூசி இல்லை என்று உறுதி செய்தார். மூன்றாவது சென்சாரை வெறும் தகட்டின் மேல் வைத்து, போல்ட்டை அளவுக்கு இறுக்கினார். தட்டிப் பார்த்தார். அசையவில்லை. கிழித்த ஓரத்தைப் பசை போட்டு ஒட்டினார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராக்கி, ஸ்கேனரில் இதுதான் நேர் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார். பச்சைப் புள்ளி நடுவில் வந்து நின்றது. விளக்கு அணைந்தது.

"கீழ எப்பவுமே அணைஞ்சுதான இருக்கும்?" என்றாள் எலிசம்மா. அவள் ஏமாறுகிற ஆளில்லை.

"ஆமாங்கம்மா. மேல போய்த்தான் பாக்கோணும்."

"நான் ஏறலாமா?"

சென்னியப்பனால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஏற்கனவே இரண்டு முறை ஆமாம் என்று சொன்னவர். அவர் பின்கதவைத் திறந்து, முதலில் தான் ஏறி, மலை ஏறும்போது ஏழாவது வளைவில் எந்தப் பக்கம் பள்ளம் வருமோ அந்தப் பக்கமாக உட்கார்ந்துகொண்டார். எலிசம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மறுபக்கம் ஏறினாள்.

சூசை ஓட்டினார். யசோதா முன்னால் ஸ்கேனரோடு. அணையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ரோடு கறுப்பாகப் பளபளத்தது.

"ஒண்ணு" என்றார் சென்னியப்பன்.

"புள்ளி வலது" என்றாள் யசோதா. "வலது. வலதுதான். நேரா."

"ரெண்டு."

"இடது. நேரா."

மூன்று வந்தது. விளக்கு எரியவில்லை. நாலு. ஐந்து. ஆறில் எதிரே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கியது. சூசை ஒதுங்கினார், வண்டி சொன்னபடி கேட்டது. எலிசம்மா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏழு" என்றார் சென்னியப்பன்.

சூசை ஸ்டீயரிங்கை ஒடித்தார். மழைநீர் ரோட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. நிஜமாகவே பின்சக்கரம் ஒரு கணம் வழுக்கியது. கீழே எங்கோ கிர்ரென்று ஒரு சத்தம், ஒரே ஒரு சக்கரத்தை யாரோ தொட்டு விட்டது போல. வண்டி நேரானது. வளைவு முடிந்தது.

"இப்பத்தாண்டா வழுக்குச்சு! நெசமா வழுக்குச்சு, நெசமாப் புடிச்சுச்சு!" சூசை ஸ்டீயரிங்கைக் கையால் அடித்தார். "எலிசு, பாத்தியா? எலிசு!"

எலிசம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, நான் செவ்வாக்கெழம வேற வரணும்."

சென்னியப்பன் எட்டையும் ஒன்பதையும் எண்ணவில்லை. அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது வளைவில் குருவும் சீடரும் இறங்கிக்கொண்டார்கள். கீழே போகும் பஸ்ஸுக்காக ஒரே குடைக்குள் நின்றார்கள். வண்டி மேலே ஏறிப் போனது. பத்தாவது வளைவில் சூசை ஹாரன் அடித்தது கேட்டது. பதினொன்றிலும் அடித்தார்.

"வாத்தியாரம்மா."

"சொல்லுங்ணா."

"என்னென்ன பண்ணுனீங்கன்னு கேட்டீங்க. மேட்டு போட்டதை நான் சொல்லலை. மறைக்கோணும்னு இல்லீங்க. அது ஒரு வேலைன்னே எனக்குத் தோணலை. நல்லதுன்னு பண்ணுனது பாருங்க, நெனப்புக்கே வரலை."

"தெரியுமுங்ணா."

"ஏறி உக்காந்ததுமே கண்டுபுடிச்சுட்டீங்க. அப்பவே சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"சொல்லியிருந்தா இந்த ஒரு வண்டிதான் சரியாகியிருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். மழை குடையின் மேல் சடசடத்தது. பிறகு, மதியம் கேட்ட கேள்வியை வேறு மாதிரி கேட்டார்.

"எரர் பொய் சொல்லலை. சென்சாரும் பொய் சொல்லலை. அப்ப நான் மெத்துன்னு ஒரு எடம் போட்டுக் குடுத்ததுதான் தப்புங்களா?"

யசோதா பன்னிரண்டாவது வளைவின் ஹாரன் வரும்வரை காத்திருந்தாள்.

"நோவுல இருக்கறவங்களுக்கு மெத்தை வேணுமுங்ணா" என்றாள். "சாட்சி சொல்றவனுக்குத் தரை வேணும்."